இனம் என்பது யாது? தும்பறை மலை கூறும் சரித்திரம்

மாத்தளை நகரில் நின்று கிழக்கே நோக்குவோருக்கு முகில் கவிந்த மலைத்தொடர் ஒன்று தோன்றும். மடக்கிய கையின் விரற் கணுக்களைப் போல அதன் சிகரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்ட ஆங்கிலேயர் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் தும்பறை மலை என்பர். மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களும் பங்கிட்டுக்கொள்ளும் மலை அது.

அம்மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலக்காடுகளிலும் உழைத்தவர்கள் நம்மவர்கள். மூக்கின் நுனியில் பச்சிலை ஒன்றை ஒட்டி வைத்தாற்போன்ற விசித்திரமான ஓணான் ஒன்று ஏலக்காட்டு மரங்களில் அசையாது இருப்பதை அவர்களிற் பலர் கண்டிருப்பர். கண்டு, 'ஓணான்தானே' என்று கடந்து சென்றிருப்பர். இந்த இலைமூக்கு ஓணான் தும்பறை மலையன்றி உலகில் வேறெங்கும் இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் எவருமிலர்.

அது ஒரு தனி இனம் என்கின்றனர் உயிரியலார். இனம் என்றால் யாது? ஓர் இனம் எவ்வாறு புதிதாகத் தோன்றுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய சரித்திரம் நெடியது. நமது மலைகளுக்கும் அச்சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. மேலும், 'இனம்' என்ற சொல்லை இந்நாட்டில் நாம் கேளாத நாளில்லை. அதன் பேரால் நிகழ்ந்த துன்பங்களை நமது பெரியோர் நேரிற் கண்டவர்கள். ஆதலின் அச்சொல்லுக்கு விஞ்ஞானம் கொண்ட பொருளை வாலிபர் தெளிந்துகொள்ளுதல் நன்று.

பெயரிட்டு வகுத்த காலம்

உயிர்களை வகுத்துக் காணும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக உயிர்களை ஆறாக வகுத்திருக்கின்றது. புல்லும் மரமும் ஓரறிவுடையன; மனிதர் ஆறறிவுடையர். இது புலன்களைக் கொண்டு செய்த வகுப்பு. ஆயின் 'இந்த ஓணானும் அந்த ஓணானும் ஒன்றா, வேறா?' என்ற வினாவுக்கு அது விடை கூற எழுந்ததன்று.

மேல்நாட்டில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கூற முயன்றவர்களுள் ஒருவர் ஆங்கிலேயராகிய ஜோன் ரே. ஒரே செடியின் விதையிலிருந்து முளைத்தவை தம்முள் எவ்வளவு வேறுபட்டுத் தோன்றினும் அவையெல்லாம் ஓர் இனமே என்று 1686ஆம் ஆண்டில் அவர் எழுதினார். உருவத்திலும் பரம்பரையே முதன்மையானது என்ற கருத்தின் வித்து அதிலே கிடந்தது.

அவருக்குப் பின் வந்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். இலங்கைக்கும் இவருக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறியார். ஒல்லாந்தர் கம்பனியின் வைத்தியராக 1670களில் இங்கிருந்த போல் ஹெர்மன் என்பவர் நமது நாட்டுச் செடிகளை உலர்த்திச் சேகரித்து வைத்தார். அச்சேகரிப்பு பல்லாண்டுகளின் பின் லின்னேயஸின் கைக்கு எட்டியது. அதனை ஆராய்ந்து 1747இல் அவர் வெளியிட்ட நூலே 'பிளோரா செய்லானிக்கா' என்னும் இலங்கைத் தாவர நூல். ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்களாலான பெயரிடும் முறையை 1753இல் அவர் நிலைநாட்டினார். 1758இல் விலங்குகளுக்கும் அதனை விரித்தார். முதற் சொல் பல இனங்களை அடக்கிய தொகுதியைக் குறிக்கும். இரண்டாவது சொல் அதனுள் ஓர் இனத்தைச் சுட்டும். இலங்கைப் பாடசாலை நூல்கள் அத்தொகுதியைச் 'சாதி' என்றும், அதனினும் பெரிய வகுப்பொன்றை 'வருணம்' என்றும் குறிப்பதை மாணவர் அறிவர்.

ஆதியிற் படைக்கப்பட்ட இனங்களே இன்றும் உள்ளன, அவை மாறா என்ற நம்பிக்கையுடனேயே லின்னேயஸ் தம் பணியைத் தொடங்கினார். இனம் என்பது அவர் காலத்தில் ஓர் அச்சு. அந்த அச்சில் வார்த்த பிரதிகளே தனித்தனி உயிர்கள்.

கண்ணாடிச் சாடியில் ஓணான்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை விலங்குகளைச் சேகரித்துப் பெயரிடும் வேலை வேகமாக நடந்தது. இந்நாட்டிலேயே பிறந்த இராணுவ வைத்தியர் கெலார்ட் 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றிய முதல் நூல்களுள் ஒன்றை வெளியிட்டார். 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்தவர் எமர்சன் டெனென்ட். 1848இல் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆட்சிப்பீடத்தில் இருந்தவர்களுள் இவரும் ஒருவர். அவர் பின்னர் இலங்கையின் இயற்கைச் சரித்திரம் பற்றி எழுதி 1861இல் வெளியிட்ட நூலிலேதான் நமது இலைமூக்கு ஓணான் முதன்முதல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. அதனை விவரித்தவர்கள் லண்டன் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த குந்தரும் கிரேயும். டெனென்டின் பெயரைத் தாங்கி 'செரட்டோபொரா டெனென்டி' ஆயிற்று அவ்வோணான். கிளர்ச்சியை மாத்தளை மறக்கவில்லை. செயலாளரின் பெயரோ மலையுச்சியில் ஓர் ஓணானின் மூக்கில் தங்கிவிட்டது!

அக்காலத்து முறை என்ன? சாராயச் சாடியில் ஊறவைத்த உடல் ஒன்று கப்பலேறி லண்டன் செல்லும். அங்குள்ள அறிஞர் செதில்களை எண்ணுவர், வாலை அளப்பர், மற்றைய சாடிகளோடு ஒப்பிடுவர். வேறுபாடு போதுமானதெனத் தோன்றின் அது புதிய இனம். இம்முறையால் பெரும்பயன் விளைந்தது, பிழைகளும் நேர்ந்தன. உயர்ந்த மலைக்காடுகளில் வாழும் அடர்ந்த உரோமமுடைய மந்தியைக் கெலார்ட் தனி இனமாகக் கொண்டார். இன்றோ அது தாழ்நிலத்திலுமுள்ள ஊதாமுக மந்தி இனத்தின் மலைநாட்டுப் பிரிவு என்றே கொள்ளப்படுகின்றது. குளிருக்கு ஏற்ப உரோமம் அடர்ந்தமை மட்டும் இனத்தைப் பிரித்துவிடாது. உருவம் ஒரு சாட்சி, அதுவே தீர்ப்பாகாது.

டார்வின் முதல் மாயர் வரை

இதனிடையே பெரியதொரு மாறுதல் நிகழ்ந்தது. ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய இன்னோர் இனம் இருந்த இடத்துக்கும் காலத்துக்கும் அணித்தாகவே தோன்றியிருக்கின்றது என்று 1855இல் வாலஸ் எழுதினார். 1858இல் அவர் கருத்தும் டார்வினின் கருத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தது. ஓர் இனத்துள் பிறக்கும் உயிர்கள் சிறிது சிறிது வேறுபடுகின்றன. வாழ்க்கைப் போராட்டத்தில் இடத்துக்கேற்ற வேறுபாடுடையவை தப்பிப் பிழைத்துக் கூடுதலான சந்ததியை விட்டுச் செல்கின்றன. நெடுங்காலத்தில் அவ்வேறுபாடுகள் திரண்டு இனமே மாறுகின்றது. இதுவே இயற்கைத் தேர்வினால் நிகழும் கூர்ப்பு.

இனம் ஓர் அச்சன்று, ஓடும் ஆறு என்பது தெரிந்தது. ஆயின் ஓடும் ஆற்றில் எங்கே எல்லை போடுவது? இதற்குத் தெளிவான விடை இருபதாம் நூற்றாண்டிலேதான் கிடைத்தது. 1937இல் டொப்சான்ஸ்கியும், 1942இல் எர்ன்ஸ்ட் மாயரும் எழுதிய நூல்கள் அதற்கு வழிகாட்டின. இயற்கையில் தமக்குள்ளே கூடி இனம்பெருக்கி, பிற கூட்டங்களோடு அவ்வாறு கலவாது பிரிந்து நிற்கும் உயிர்க்கூட்டமே ஓர் இனம் என்பது மாயரின் வரைவிலக்கணம். குதிரையும் கழுதையும் கூடினாற் கோவேறு கழுதை பிறக்கும். ஆனால் கோவேறு கழுதைகள் தமக்குள் ஒரு குலத்தைத் தோற்றுவிப்பதில்லை. ஆகவே குதிரை வேறு, கழுதை வேறு. நாட்டு நாயும் சீமை நாயும் தோற்றத்தில் எவ்வளவோ வேறுபடினும் அவற்றின் குட்டிகள் பெருகுகின்றன. ஆகவே அவை ஓர் இனம்.

பள்ளத்தாக்கு என்னும் மதில்

கலப்பு நின்றாற் புதிய இனம் பிறக்கும் என்றால், கலப்பை நிறுத்துவது எது? பெரும்பாலும் தூரமும் தடையும் என்றார் மாயர். ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இடையே கடக்க முடியாத தடை நிற்குமானால், இருபுறத்தும் வெவ்வேறு விகாரங்கள் தோன்றும். வெவ்வேறு சூழல் வெவ்வேறு குணங்களைத் தேர்ந்தெடுக்கும். தற்செயலும் தன் பங்கைச் செய்யும். நெடுங்காலத்தின் பின் தடை நீங்கினாலும் அவை ஒன்றையொன்று துணையாக ஏற்கமாட்டா.

இதற்கு நமது மலையினும் சிறந்த பாடசாலை உண்டோ? தும்பறை மலைக்கும் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றைக் கொண்ட மத்திய மலைக்கும் இடையே மகாவலி கங்கையின் பள்ளத்தாக்குக் கிடக்கின்றது. நமக்கு அது பஸ்ஸிற் கடக்கும் வழி. குளிர்ந்த முகிற்காட்டில் மட்டும் வாழும் சிறு ஓணானுக்கோ அது சுடுகின்ற சமுத்திரம். மலையுச்சி ஒவ்வொன்றும் அதற்கு ஒரு தீவு.

கொம்பு ஓணான் சாதி இலங்கைக்கே உரியது. தும்பறையில் இருப்பதற்கு மூக்கில் இலை. மத்திய மலையில் இருப்பதற்குக் காண்டாமிருகத்தினது போன்ற கூரிய கொம்பு. தாழ்நில மழைக்காட்டில் இருப்பதற்குச் சொரசொரத்த கொம்பு. இறக்குவானை மலையில் மேலும் இரண்டு இனங்களை ரொகான் பெத்தியாகொடையும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் 1998இல் விவரித்தனர். ஆறாவது இனம் ஒன்று 2020இல் சேர்ந்தது.

மரக்கிளையை வாலாற் பற்றிக்கொள்ளும், முட்டையிடாது குட்டியீனும் குள்ள ஓணானை எடுத்துக்கொள்வோம். மத்திய மலையிலும் தும்பறையிலும் உள்ளது ஒரே இனமென்றே நூறாண்டுக்கு மேலாக எண்ணியிருந்தனர். 2006இல் தும்பறையில் உள்ளது வேறென்று தெளிந்து, அதற்கு 'கொபோட்டிஸ் தும்பற' என்று மலையின் பெயரையே இட்டனர். அவ்வாறே மற்றோர் ஓணானும் தனி இனமென்று 2014இல் அறியப்பட்டு, பெத்தியாகொடையின் பெயரைப் பெற்றது. ஈரப்பாறைகளில் ஒட்டி வாழும் தட்டையான தவளை ஒன்றைக் கீர்த்திசிங்க என்னும் இலங்கை விலங்கியலார் 1946இலேயே விவரித்திருந்தார். அதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. பாறையில் வழியும் மெல்லிய நீர்ப்படலத்தில் ஊர்ந்து வளர்கின்றன. அதுவும் தும்பறைக்கே உரியது.

மீன்களுக்கோ கதை தலைகீழ். ஓணானுக்கு மதிலாயிருக்கும் பள்ளம் மீனுக்கு வழி. ஓணானுக்கு வீடாயிருக்கும் மலைமுகடு மீனுக்கு மதில். அம்பன் கங்கையையும் அதனோடு சேரும் களு கங்கையையும் சார்ந்த ஓடைகளில் அப்பகுதிக்கே உரிய மீனினங்கள் சில உண்டு. லக்கலைப் பகுதியிலிருந்து 1985இல் விவரிக்கப்பட்ட கெண்டை வகை மீன் அவற்றுள் ஒன்று.

இதனினும் வியப்பானது ஒன்று. இலங்கையும் இந்தியாவும் கடல் தாழ்ந்திருந்த காலங்களில் நிலத்தால் இணைந்திருந்தன. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வரையேனும் அவ்விணைப்பு இருந்தது. ஆதலின் இருகரை உயிர்களும் நன்றாகக் கலந்திருக்க வேண்டும் என்று எண்ணினர். தவளை, பாம்பு, நன்னீர் மீன், நண்டு முதலியவற்றின் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வாறில்லை என்று காட்டியது. பாலம் இருந்தும் பல உயிர்கள் கடக்கவில்லை. ஈரக்காட்டில் வாழ்வன இடையிலே கிடந்த வறண்ட நிலத்தை எவ்வாறு தாண்டும்? இலங்கையின் புதர்த்தவளைகள் நெடுங்காலத்துக்கு முன் வந்த ஒரு முன்னோரிலிருந்து கிளைத்து இன்று எழுபதுக்கு மேற்பட்ட இனங்களாகியுள்ளன. இவற்றின் முட்டையிலிருந்து வாற்பேத்தை வருவதில்லை. சிறு தவளையே வெளிவரும்.

வரைவிலக்கணத்தின் இடர்கள்

மாயரின் வரைவிலக்கணம் எல்லா இடத்தும் பொருந்துமா? பொருந்தாது என்பதை உயிரியலார் ஒளிப்பதில்லை. தும்பறைக் குள்ள ஓணானும் நுவரெலியாக் குள்ள ஓணானும் இயற்கையில் சந்திப்பதே இல்லை. சந்தித்தாற் கூடுமா என்பதை யார் அறிவார்? கூடாமலே தம்மைப் பிரித்துப் பெருக்கும் நுண்ணுயிர்களுக்கு இவ்விலக்கணம் என்ன செய்யும்? கல்லாய்ச் சமைந்த உயிர்களுக்கு என்ன செய்யும்?

இமயத்துக்கு அப்பால் திபெத்து மேட்டுநிலத்தைச் சுற்றி வாழும் பசுமை கலந்த சிறு கதிர்க்குருவி வகை ஒன்றுண்டு. அதன் நெருங்கிய உறவு ஒன்று ஆண்டுதோறும் பனிக்காலத்தில் இலங்கைக்கு வருகின்றது. மேட்டுநிலத்தைச் சுற்றிச் செல்லச் செல்ல அக்குருவியின் பாட்டு சிறிது சிறிதாக மாறுகின்றது. இருபுறமாகச் சுற்றிச் சென்ற கூட்டங்கள் சைபீரியாவிற் சந்திக்குமிடத்தில் ஒன்றின் பாட்டை மற்றொன்று பொருட்படுத்துவதில்லை. இதனை ஓர் இனம் என்பதா, இரண்டு என்பதா? இனம் தோன்றிக்கொண்டிருக்கும் வேளையில் நாம் எட்டிப் பார்க்கின்றோம் என்பதே விடை.

ஆகவே இன்றைய ஆராய்ச்சியாளர் ஒரு சாட்சியோடு அமைவதில்லை. உருவம், குரல், வாழிடம், டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருள் யாவற்றையும் சேர்த்து விசாரிக்கின்றனர். தனக்கென ஒரு வழியிற் பிரிந்து செல்லும் பரம்பரையே இனம். மற்றவை எல்லாம் அப்பிரிவுக்குச் சான்றுகள் என்பது இன்று பலர் ஏற்கும் கருத்து.

கோப்பிச் செடியின் பாடம்

பிரிவினாலன்றிச் சேர்க்கையினாலும் இனம் தோன்றுவதுண்டு. இதற்கு உதாரணம் நமது குடும்பச் சரித்திரத்திலேயே இருக்கின்றது. மன்னாரிற் கரையிறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து நம் முன்னோர் மாத்தளைக்கு வந்தது கோப்பித் தோட்டங்களுக்காகவன்றோ? அந்த அராபிக்காக் கோப்பி இரு வேறு கோப்பி இனங்கள் ஆபிரிக்காவில் இயற்கையாகக் கலந்ததாற் பிறந்தது. பெற்றோர் ஒவ்வொன்றுக்கும் 22 நிறமூர்த்தங்கள். பிள்ளைக்கோ இரண்டின் முழுத்தொகையும் சேர்ந்து 44. எண்ணிக்கை வேறுபட்டமையால் பெற்றோரோடு மீண்டும் எளிதிற் கலவாத புதிய இனமாயிற்று. பள்ளத்தாக்கு நெடுங்காலம் நின்று செய்வதை இச்சேர்க்கை சில தலைமுறைகளிற் செய்து முடித்தது.

ஆயின் அவ்வாறு திடீரெனத் தோன்றிய இனத்தில் வேறுபாடுகள் குறைவு. உலகெங்கும் பரப்பப்பட்ட செடிகளோ ஒரு சில செடிகளின் சந்ததி. 1869இல் இலங்கையில் கோப்பி இலைநோய் தோன்றியது. ஒரு செடிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையெனில் அடுத்த செடிக்கும் இல்லை. 1880களில் கோப்பித் தொழில் அழிந்தது; தோட்டங்கள் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் மாறின. நமது பாட்டன்மார் அனுபவித்த பஞ்சத்துக்கும் இடப்பெயர்வுக்கும் பின்னால் ஓர் இனத்தின் பிறப்புச் சரித்திரம் மறைந்து நின்றது. வேறுபாடே ஓர் இனத்தின் சேமிப்புப் பணம். அது குறைந்த வீட்டுக்கு ஒரு நோய் போதும்.

நாம் எந்த இனம்?

இனி, தொடக்கத்தில் விட்ட வினாவுக்கு வருவோம். மனிதர் எத்தனை இனம்? உயிரியல் தரும் விடை ஒன்றே: ஓர் இனம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று நாம் கூறுவன மொழியாலும் மதத்தாலும் வரலாற்றாலும் வந்த குழுக்கள். அவற்றுக்கு மதிப்பு உண்டு, உரிமையும் உண்டு. ஆனால் ஓணானும் ஓணானும் பிரிந்ததுபோல மனிதர் பிரிந்ததில்லை. மனிதரிடையே உள்ள பரம்பரை வேறுபாட்டிற் பெரும்பகுதி ஒவ்வொரு குழுவின் உள்ளேயே இருக்கின்றது, குழுக்களுக்கு இடையில் அன்று என்று 1972இல் லெவொன்டின் கணக்கிட்டுக் காட்டினார். பின் வந்த ஆராய்ச்சிகள் அதனை உறுதிசெய்தன. மனிதன் எங்கும் ஓரிடத்தில் அடைபட்டு இருந்தவனல்லன். கடலைக் கடந்தான், மலையைக் கடந்தான், கலந்தான். சாதியையும் வருணத்தையும் விஞ்ஞான நூல்கள் தாவரத்துக்கும் விலங்குக்கும் உரிய சொற்களாக்கிவிட்டன. அவற்றை மனிதரிடமிருந்து எடுத்துவிடுவதே நமக்கும் அழகு.

தும்பறையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை 1873இலேயே அரசு ஒதுக்கி வைத்தது. 2000ஆம் ஆண்டில் அம்மலை பாதுகாப்பு வனமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளோடு உலக மரபுரிமைத் தலமாயிற்று. இருந்தும் ஆபத்து நீங்கியபாடில்லை. இவ்வோணான்களைக் களவாகப் பிடித்து வெளிநாட்டுச் செல்வருக்கு வளர்ப்புப் பிராணிகளாக விற்போர் உண்டு. அதனாற்றான் 2019இல் இலைமூக்கு ஓணானும் தும்பறைக் குள்ள ஓணானும் சர்வதேச வியாபாரம் தடைசெய்யப்பட்ட உயிர்களின் முதற் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இலங்கையின் புதர்த்தவளைகளுள் பதினைந்துக்கு மேற்பட்டவை ஏற்கனவே அழிந்துவிட்டன. கெலார்ட் 1853இல் விவரித்த பின் ஒருவர் கண்ணிலும் படாதிருந்த தவளை ஒன்று 2009இல் சிவனொளிபாத மலைச்சாரலில் மீண்டும் காணப்பட்டது. அத்தகைய பாக்கியம் எல்லாவற்றுக்கும் வாய்க்காது.

வாலிப அன்பர்களே! அடுத்த முறை இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு உல்லாசப் பயணம் போகும்போது, குப்பையை எறியாது, கிளையை முறிக்காது, கண்ட பிராணியைக் கையில் எடுக்காது வாருங்கள். மலையேறத் தெரிந்த ஆசிரியர் ஒருவரை அழைத்துச் சென்று, எந்த உயிர் எங்கே இருக்கின்றதெனக் குறிப்பெழுதுங்கள். ஏலக்காட்டில் உழைத்த முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். அக்காட்டில் தாம் கண்டவற்றை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களோடு அவ்வறிவும் போய்விடலாகாது.

ஓர் ஊரில் உள்ள மரம் அழிந்தால் அடுத்த ஊரிலிருந்து கன்று கொண்டுவரலாம். தும்பறை ஓணான் அழிந்தால் எந்த ஊரிலிருந்து கொண்டுவருவது? பல்லாயிரம் தலைமுறையாக ஒரு பள்ளத்தாக்குப் பிரித்து வைத்து ஆக்கியதை மீண்டும் ஆக்க நம்மால் இயலாது. மனிதர் ஓர் இனம் என்று வாழ்வதும், நம்மை நம்பி ஒரு மலையில் இருக்கும் பிற இனங்களைக் காப்பதும் மாத்தளை மக்கள் யாவருக்கும் பொதுவான கடமையாகும்.